மெட்டலின் பங்காளிச் சண்டை

1989 பிப்ரவரி 22 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கிராமி விழாவில், ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முறையாக ஒரு விருது வைத்திருந்தார்கள். மெட்டாலிகா குழு அன்றிரவு அதே மேடையில் 'ஒன்' பாடலை வாசித்தது. விருது அவர்களுக்குத்தான் என்று அரங்கமே நினைத்திருந்தது. ஆலிஸ் கூப்பரும் லீட்டா ஃபோர்டும் உறையைப் பிரித்துப் படித்த பெயரோ ஜெத்ரோ டல். ஐயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் ஊத, நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்து இருபது ஆண்டுகளாக வாசித்துவந்த இங்கிலாந்துக் குழு அது. பரிசு கிடைக்காது, வர வேண்டாம் என்று அவர்களுடைய இசை நிறுவனமே சொல்லியிருந்ததால் வாங்கிக்கொள்ள ஆள்கூட வரவில்லை. பிற்பாடு அந்த நிறுவனம் பில்போர்டு இதழில் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு புல்லாங்குழலைக் கிடத்திப் படம் போட்டு, இதுவும் ஹெவி மெட்டல் கருவிதான் என்று விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டு கிராமிக்காரர்கள் ஹார்ட் ராக்கையும் மெட்டலையும் தனித்தனி விருதாகப் பிரித்துவிட்டார்கள்.

விருதுக் குழுவின் அறியாமையைப் பார்த்துச் சிரித்த ரசிகர்களிடம், 'சரி, எது மெட்டல்?' என்று அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரே பதில் வந்திருக்காது. தோற்றுப்போன மெட்டாலிகாவையே துரோகிகள் என்று திட்டிய ரசிகர்கள் அப்போதே இருந்தார்கள். 'ஒன்' பாடலுக்கு அந்தக் குழு வீடியோ எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கொடுத்ததுதான் குற்றம். 1984இல் 'ஃபேட் டு பிளாக்' என்ற மெதுவான பாட்டை வாசித்தபோதே அந்த முணுமுணுப்பு தொடங்கிவிட்டது.

ஜாஸ் மெட்டல் இல்லை என்று யாரும் மெனக்கெட்டு வாதாடுவதில்லை. கர்நாடக சங்கீதம் மெட்டல் இல்லை என்றும் யாரும் கட்டுரை எழுதுவதில்லை. சண்டையெல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்காளியோடுதான். எந்தக் காலத்தில் எந்தப் பங்காளி பணக்காரனாகிறானோ, அவன் 'உண்மையான மெட்டல் இல்லை' என்று தள்ளிவைக்கப்படுகிறான். அந்த வரிசையைத் தொடர்ந்து போனால் மெட்டலின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று எனக்குப் படுகிறது. அதே சமயம், இது வெறும் ஊர்ச் சண்டை, இசைக்குள் பார்க்க ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுகிற சமூகவியல் சோம்பலும் எனக்கு உடன்பாடில்லை. காதில் கேட்கக்கூடிய ஒரு வேறுபாடு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

மின்கிதாரின் ஒலியை ஆம்ப்ளிஃபையர் தாங்காத அளவுக்கு ஏற்றினால் அது உடைந்து கரகரக்கும். இதுதான் டிஸ்டார்ஷன். இந்தக் கரகரப்பில் முழு கார்டு வாசித்தால், குறிப்பாக காந்தாரம் சேர்ந்தால், ஒலி சேறாகக் கலங்கிவிடும். அதனால் மெட்டல்காரர்கள் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிக்கிறார்கள். பவர் கார்டு என்பது அவ்வளவுதான். நம் தம்புராவில் காலம்காலமாக ஒலிக்கிற அதே சேர்க்கை. இரண்டின் அதிர்வெண்களும் ஏறத்தாழ 2:3 என்ற விகிதத்தில் இருப்பதால், டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது அவற்றின் வித்தியாசமான 1, அதாவது வாசிக்கப்படாத கீழ் ஸ்தாயி சட்ஜம், தானாகவே பிறக்கிறது. கிதாரில் இல்லாத ஒரு கனம் ஸ்பீக்கரில் வந்துவிடுகிறது. ராபர்ட் வால்சர் 1993இல் எழுதிய 'ரன்னிங் வித் த டெவில்' நூலில் இந்த ஒலியியலைத்தான் மெட்டலின் அதிகார உணர்வுக்கு அடிப்படையாகக் காட்டினார்.

அடுத்தது ஸ்வரங்கள். சட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவுவதை ஐரோப்பியர்கள் சாத்தானோடு சேர்த்துப் பேசினார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் பின்பாதி 36 அந்த ஸ்வரத்தின் மேல்தான் நிற்கின்றன, யாரும் பயந்ததில்லை. த்ராஷ், டெத் மெட்டல் குழுக்கள் விரும்பும் ஃபிரிஜியன் அளவில் (ஸ்கேல்) வருபவை நம் தோடியின் ஸ்வரங்களே. அயர்ன் மெய்டன் குதிரைப் பாய்ச்சலில் ஓட்டும் மெட்டுகள் பெரும்பாலும் நடபைரவியின் ஏழு ஸ்வரங்களில் அடங்கும். கமகம் கிடையாது, ராக பாவம் கிடையாது என்பதால் ஒற்றுமை அங்கேயே நின்றுவிடுகிறது. ப்ளூஸ் இசையின் அளவுகளிலிருந்து இவை விலகிப் போயின என்பதுதான் இங்கே முக்கியம்.

மூன்றாவதுதான் ரிஃப்: கிதாரில் திரும்பத் திரும்ப வரும் குறும் சொற்றொடர். ராக் இசை முழுவதிலும் ரிஃப் உண்டு. மெட்டலில் அதன் வேலை வேறு. பாப் பாடலில் மெட்டுக்கும் வரிகளுக்கும் கிதார் துணை நிற்கும். மெட்டலில் பாட்டு ரிஃபுகளை அடுக்கியே கட்டப்படுகிறது, குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எனக்கு உதவுகிற சோதனை இது: ரிஃபை எடுத்துவிட்டுப் பாருங்கள். பியானோவிலோ சாதா கிதாரிலோ பாட்டு அப்படியே நின்றால் அது மெட்டல் ஒலியில் வாசிக்கப்பட்ட வேறொன்று. பாட்டே காணாமல் போனால் அது மெட்டல். இந்தச் சோதனையைக் குழுவுக்கு வைக்காமல் பாட்டுக்கு வைக்க வேண்டும். இது எங்கே தோற்கிறது என்பதையும் போகப்போகப் பார்க்கலாம்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தொடக்கம் பர்மிங்காம் நகரம், 1970 பிப்ரவரி 13. பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு அன்று வெளியானது. கிதார் கலைஞர் டோனி ஐயோமி தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தளர்ந்த தந்தியின் அந்தக் கனத்தை நோக்கித்தான் அடுத்த ஐம்பது ஆண்டு மெட்டலில் பாதி நடந்து போயிருக்கிறது.

ஆண்ட்ரூ கோப் 2010இல் எழுதிய நூலில், சாபத் ஹெவி மெட்டலை உண்டாக்கியது, லெட் செப்பலின் உண்டாக்கியது ஹார்ட் ராக், இரண்டும் வேறு என்று வாதிட்டார். இருவருமே பர்மிங்காம் பகுதியோடு தொடர்புடையவர்கள், ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். செப்பலின் ப்ளூஸை விடவில்லை. சாபத் அதைத் தள்ளிவைத்து இருண்ட அளவுகளுக்குள் போனது. கோப்பின் வாதம் கொஞ்சம் கறாரானது. சாபத்தின் முதல் தட்டில் ப்ளூஸ் வாடை இன்னும் இருக்கிறது. விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் அன்று அதை கிரீம் குழுவின் மட்டமான நகல் என்றுதான் ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதினார். என் சோதனை முதலில் இடறும் இடமும் இதே கிரீம்தான்: 1967இல் வந்த அவர்களுடைய 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' ரிஃபை எடுத்தால் நிற்காது, ஆனாலும் யாரும் அதை மெட்டல் என்று சொல்வதில்லை. ஆகவே ரிஃப் மட்டும் போதாது, ப்ளூஸிலிருந்து விலகிய தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்கள் யாருக்கும் இந்தப் பெயர் பிடிக்கவில்லை. சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் அந்த அடைமொழியோடு ஒருபோதும் ஒட்டவில்லை. செப்பலின்காரர்கள் அதை விலக்கினார்கள். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெயரை வாய்நிறைய ஏற்றுக்கொண்ட முதல் பெரிய குழு ஜூடாஸ் பிரீஸ்ட். 1976இன் 'சேட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி'யிலும் 1978இன் 'ஸ்டெயின்ட் கிளாஸ்'இலும் அவர்கள் ப்ளூஸின் மிச்சத்தையும் துடைத்தெடுத்தார்கள், இரட்டைக் கிதாரையும் வேகத்தையும் முன்னால் கொண்டுவந்தார்கள். முதலில் விலக்கப்பட்ட பங்காளி ப்ளூஸ்தான். கறுப்பின அமெரிக்கர்களின் இசை அது என்பதை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

அடுத்த பெயர்களில் சில பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தவை, சில இசைத்தட்டுகளில் பிறந்தவை. 1979 மே மாதம் சவுண்ட்ஸ் இதழில் ஜெஃப் பார்ட்டன் எழுதிய கட்டுரையோடு 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அயர்ன் மெய்டன், சாக்ஸன், டைமண்ட் ஹெட், டெஃப் லெப்பர்ட் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குழுக்கள் ஒரு கூரைக்கு வந்தன. டெஃப் லெப்பர்ட் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் விற்றதும் அதே கூரையிலிருந்து வெளியேற்றப்பட்டது. நியூகாசிலின் வெனம் குழு 1982இல் தன் இரண்டாவது தட்டுக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயர் வைத்தது. கேட்டால் மோட்டர்ஹெட்டை இன்னும் அழுக்காக்கியது போலத்தான் இருக்கும், பிற்காலத்தில் அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட இசைக்கும் அதற்கும் ஒலியில் தூரம் அதிகம். அதே போல பொசெஸ்ட் என்ற குழுவின் 1985 தட்டில் 'டெத் மெட்டல்' என்றொரு பாட்டு இருந்தது. பெயர் முதலில் வந்தது, அதற்கான இசையைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

த்ராஷ் மெட்டலின் பிறப்பில்தான் முதல் பெரிய பொய் இருக்கிறது. மெட்டலும் பங்க் இசையும் ஜென்மப் பகை என்று அக்காலத்து ரசிகர்கள் நம்பினார்கள். நீண்ட முடிக்காரர்களும் மொட்டைத் தலைக்காரர்களும் கச்சேரிகளில் அடித்துக்கொண்டார்கள். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸுக்கு பங்க் என்றாலே ஆகாது. இசையோ வேறு கதை சொல்கிறது. மெட்டாலிகா 1987இல் பிறர் பாடல்களை மட்டும் வாசித்து வெளியிட்ட குறுந்தட்டில் டைமண்ட் ஹெட்டும் உண்டு, மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் குழுவும் உண்டு. ஸ்லேயர் 1996இல் கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டையே பங்க் பாடல்களுக்கு ஒதுக்கியது. பிரிட்டிஷ் புதிய அலையின் ரிஃபுகளை ஹார்ட்கோர் பங்கின் வேகத்தில் ஓட்டியதுதான் த்ராஷ். ஸ்டீவ் வாக்ஸ்மன் 2009இல் எழுதிய 'திஸ் ஏய்ன்ட் த சம்மர் ஆஃப் லவ்' மெட்டலையும் பங்கையும் ஒரே தொடர்ச்சியாக வைத்துப் பார்க்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் தெளிவான நூல் அது. பர்மிங்காமின் நேபாம் டெத் அந்த இரண்டு நீரோட்டங்களும் கலந்த இடத்தில் நின்றது. 1.316 நொடியில் முடியும் அவர்களுடைய 'யூ சஃபர்' உலகின் மிகக் குறுகிய பாடலாக கின்னஸில் இருக்கிறது. என் சோதனையை அதற்கு வைக்க நேரம் போதாது.

எண்பதுகளின் பெரும் வசவு 'போஸர்'. வேஷக்காரன் என்று பொருள். லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் வீதியிலிருந்து மோட்லி க்ரூ, ராட், பாய்சன் முதலிய குழுக்கள் தலைமுடியைக் கூண்டாகத் தூக்கிவிட்டு, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கிளம்பினார்கள். 1983 நவம்பரில் குவயட் ரயட்டின் 'மெட்டல் ஹெல்த்' பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்த உயரத்துக்குப் போன முதல் ஹெவி மெட்டல் தட்டாக அதைத்தான் சொல்வார்கள். தொலைக்காட்சி வந்தது, பெண் ரசிகர்கள் வந்தார்கள், பணம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் மனோவார் குழு போலி மெட்டலுக்கு மரணம் என்று கோஷம் போட்டது. தங்கள் ஒப்பந்தத்தில் இரத்தத்தால் கையெழுத்திட்ட குழு அது. 1983இல் வந்த அவர்களுடைய தட்டின் அட்டையில் நால்வரும் தோல் கோவணம் கட்டி, கையில் வாளோடு, எண்ணெய் பூசிய மார்போடு நிற்கிறார்கள். பாய்சன் போட்டது வேஷம் என்றால் இது எது?

மேக்கப் மீதான அந்த வெறுப்புக்குள் பெண்மை மீதான பயம் இருந்தது என்று வால்சர் எழுதியது சரி. அதற்கு மேல் ஒரு செய்தி உண்டு. மெட்டல் ஆண்மையின் சீருடையாகிப்போன கறுத்த தோல் உடை, ஆணி பதித்த பட்டை, சங்கிலி எல்லாவற்றையும் எழுபதுகளின் இறுதியில் மேடைக்குக் கொண்டுவந்தவர் ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபர்ட். தாம் தன்பாலின ஈர்ப்பாளர் என்று 1998இல் தொலைக்காட்சியில் அவர் அறிவித்தார். மெட்டல் உலகம் அவரைக் கைவிடவில்லை என்பதை அதன் பெருமைக்காகச் சொல்ல வேண்டும்.

இசைச் சோதனைக்கு வந்தால் பாய்சனின் பெரும்பாலான பாடல்கள் ரிஃப் இல்லாமலே நிற்கும், அவை நல்ல பாப் பாடல்கள். மோட்லி க்ரூவின் ஆரம்பகாலப் பாடல்கள் நிற்காது. முடியையும் உதட்டுச்சாயத்தையும் பார்த்து ஒட்டுமொத்தமாகத் தள்ளியவர்கள் காதைப் பயன்படுத்தவில்லை.

டெத் மெட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே எல்லை பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களால் வந்தது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் மோரிசவுண்ட் கூடம், ஸ்டாக்ஹோமில் சன்லைட் கூடம். முன்னதில் 1989இல் வெளியான மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' பதிவானது, ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும். பின்னதில் என்டூம்ட் குழுவின் 1990 தட்டு, பாஸ் எச்.எம்.2 என்ற கிதார் பெடலின் எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருகிவைத்து எடுத்தது, இரம்பம் அறுப்பது போல இருக்கும். உட்பிரிவுப் பெயர்கள் இப்படி ஒலியைச் சுட்டும்போது பயனுள்ளவை. 'ஸ்வீடிஷ் டெத்' என்றால் எந்தக் கரகரப்பு என்று கேட்பவருக்குத் தெரியும். கோத்தன்பர்க் நகரத்து மெலடிக் டெத் என்றால் அயர்ன் மெய்டன் பாணி இரட்டைக் கிதார் மேல் உறுமல் குரல் என்று தெரியும். கடையில் அரிசி வாங்குகிறவருக்கு ரகத்தின் பெயர் தெரிந்திருப்பதைப் போலத்தான், கேலி செய்ய ஒன்றுமில்லை.

நார்வேயின் பிளாக் மெட்டலில் கதை வேறு. அங்கே உண்மையான மெட்டல் என்ற பேச்சு இசையைத் தாண்டிப்போனது. 1991இல் ஆஸ்லோவில் மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸ் 'ஹெல்வெட்டே' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். நார்வேஜிய மொழியில் நரகம் என்று அர்த்தம். அவருடைய வெளியீட்டு நிறுவனத்தின் தட்டுகளில் ஆட்டம் வேண்டாம், ஹார்ட்கோர் வேண்டாம், மோஸ்தர் வேண்டாம், கேளிக்கையும் வேண்டாம் என்ற அறிவிப்பு அச்சாகியிருக்கும். அவர்களுடைய எதிரி கிறிஸ்தவம் என்றுதான் வெளியே தெரியும். அன்றாட எதிரி டெத் மெட்டல். விளையாட்டுக் காலணியும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு சாவைப் பற்றிப் பாடுகிற நல்ல பையன்கள் என்று யூரோனிமஸ் அவர்களைப் பார்த்தார்.

டார்க்த்ரோன் இதற்குச் சரியான சாட்சி. 1991இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு சன்லைட் கூடத்திலேயே பதிவான டெத் மெட்டல். ஓராண்டு கழித்து 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை'. ஒலிப்பதிவு வேண்டுமென்றே மங்கலாக, கிதார் பனிப்புயல் இரைவது போல. பிரிட்டனில் இருந்த அவர்களுடைய நிறுவனம் அதை வெளியிடத் தயங்கியது, அப்படியானால் யூரோனிமஸிடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள் குழுவினர். தரத்தைக் குறைப்பதையே கொள்கையாக்கியதால் ஒரு புதிய இசை பிறந்தது. இது எனக்கு முக்கியமான சான்று. எல்லைச் சண்டை வெறும் வாய்ச்சண்டை மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில் ஆட்கள் உட்கார்ந்து வேறு மாதிரி வாசித்திருக்கிறார்கள். நார்வேயில் அந்தப் பிடிவாதம் நல்ல இசையையும் தந்தது, குற்றத்தையும் தந்தது. 1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது, தொடர்ந்து பல தேவாலயங்கள். 1993 ஆகஸ்டு 10 அன்று பர்சம் குழுவின் வர்க் விகெர்னெஸ் யூரோனிமஸைக் குத்திக் கொன்றார், மறு ஆண்டு 21 ஆண்டு தண்டனை பெற்றார். யார் அதிக உண்மையானவர் என்ற போட்டியை அந்தக் கொலையின் ஒரே காரணமாகச் சொல்ல முடியாது, பணமும் பகையும் இருந்தன. ஆனால் அந்தச் சிறு வட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரைவிடக் கொடூரமாகத் தெரிய வேண்டியிருந்தது என்பதை அதன் வரலாற்றைப் படிக்கிற எவரும் தவறவிட முடியாது.

அப்புறம் நடந்தவை சுவாரசியமானவை. 1994இல் ஹோர்ட் என்ற பெயரில், அச்சு அசல் நார்வே பாணியில், ஆனால் கிறிஸ்தவப் பாடல்களோடு ஒரு தட்டு வந்தது. செய்தவர் ஆஸ்திரேலியரான ஜேசன் ஷெர்லாக். ஒலியில் குறை சொல்ல முடியாத ரசிகர்கள் ஆத்திரப்பட்டார்கள். பிளாக் மெட்டல் என்பது ஒலியா, கொள்கையா என்ற கேள்வியை இதைவிட நறுக்காக யாரும் கேட்டதில்லை. டார்க்த்ரோனோ 2006 வாக்கில் பங்க் பக்கமும் பழைய ஹெவி மெட்டல் பக்கமும் சாய்ந்துவிட்டது. கறாரான விதியை எழுதியவர்களே அதை விட்டு நகர்ந்தார்கள், பின்பற்றியவர்கள்தான் காவல் காத்தார்கள். 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் இளஞ்சிவப்பு அட்டையில் 'சன்பேதர்' தட்டை வெளியிட்டபோது அந்தக் காவலர்கள் கொதித்தார்கள். அட்டையின் நிறமும் குழுவினரின் குட்டை முடியும் அந்தக் கோபத்தில் கிதாருக்குச் சமமாகப் பேசப்பட்டன.

இந்தக் காவலைப் புரிந்துகொள்ள கீத் கான்-ஹாரிஸ் 2007இல் எழுதிய 'எக்ஸ்ட்ரீம் மெட்டல்' உதவுகிறது. இந்த வட்டங்களில் மதிப்பு இரண்டு வழிகளில் சேர்கிறது என்கிறார். ஒன்று மீறல். மற்றது உழைப்பு: கேசட் அனுப்புவது, கச்சேரி நடத்துவது, பழைய டெமோக்களைத் தெரிந்துவைத்திருப்பது. போஸர் என்று யாரையாவது சொல்லும்போது பெரும்பாலும் இரண்டாவதில் அவர் வரி கட்டவில்லை என்றுதான் அர்த்தம். டீனா வைன்ஸ்டைன் 1991இலேயே மெட்டல் ரசிகர்களைத் தனிச் சமூகமாகப் படித்தார், வெளியுலகின் இளக்காரம்தான் அவர்களை இறுக்கியது என்று காட்டினார். இளக்காரத்தால் சேர்ந்தவர்களுக்கு, தாங்கள் சேர்த்துவைத்ததை வெளியாள் சுலபமாக எடுத்துக்கொள்வது பொறுக்காது. எனக்கு இந்தக் கோபம் புரிகிறது. இதை இசை விமர்சனம் என்று ஏற்கத்தான் முடியவில்லை.

ஏனென்றால் அடுத்து வந்த, ஹிப்-ஹாப் கலந்த நூ மெட்டல் விவகாரத்தில் இந்தக் கோபம் ஒரு பழைய வரப்பைத் திரும்ப வெட்டியது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து 1994இல் கார்ன் குழுவின் முதல் தட்டு வந்தது. ஏழு தந்திக் கிதார், அதையும் இன்னும் கீழே இறக்கிய சுருதி, கிதார் சோலோ இல்லை, தாளமும் பேஸ் கிதாரும் ஹிப்-ஹாப் போல இடைவெளி விட்டுத் துள்ளும். சில ஆண்டுகளில் லிம்ப் பிஸ்கிட், லிங்கின் பார்க் என்று கடைகள் நிரம்பின. 2002இல் கனடாவில் தொடங்கிய 'என்சைக்ளோபீடியா மெட்டாலம்' என்ற மாபெரும் தரவகத்தில் அடுப்பங்கரையில் இருவர் சேர்ந்து பதிந்த டெமோ கேசட்டுக்குக்கூட இடம் உண்டு, கார்னுக்கு இடமில்லை. அவர்கள் சொல்லும் அளவுகோல் ரிஃப்தான். குழுவின் இசை மெட்டல் ரிஃபுகளால் ஆனதா என்று பார்க்கிறார்கள். என் சோதனைக்கு நெருங்கிய உறவு என்பதால் இதை எளிதாகத் தள்ள முடியவில்லை.

ஆனாலும் கார்னின் பாட்டிலிருந்து அந்த அடித்தொண்டைக் கிதார் உறுமலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எதுவும் மிஞ்சாது. அது ரிஃப் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ரிஃபின் வம்சாவளியைப் பார்க்க வேண்டும்: சாபத், பிரீஸ்ட், ஸ்லேயர் வழியில் வந்ததா, ஃபங்க், ஹிப்-ஹாப் வழியில் வந்ததா? அப்படிப் பார்த்தால் அளவுகோல் ஒலியிலிருந்து பரம்பரைக்கு மாறிவிடுகிறது. பங்க் கலந்த த்ராஷை உள்ளே விட்ட வாசல், கறுப்பின இளைஞர்களின் இசை கலந்ததும் சாத்தப்படுகிறது. ஆந்த்ராக்ஸ் 1991இல் பப்ளிக் எனிமியோடு சேர்ந்து 'பிரிங் த நாய்ஸ்' பாடியபோது பெரிய வெளியேற்றம் நடக்கவில்லை, ஏனென்றால் அது வீட்டு மாப்பிள்ளை அழைத்துவந்த விருந்தாளி. விருந்தாளியே குடும்பம் ஆனபோதுதான் பிரச்சினை. நூ மெட்டல் ரசிகர்களை வெறுத்த ஒவ்வொருவரும் நிறவெறியர் என்று நான் சொல்லவில்லை. லிம்ப் பிஸ்கிட்டின் அசட்டுத்தனத்தை வெறுக்க இனக் காரணம் எதுவும் தேவையில்லை. ஆனால் எழுபதுகளில் ப்ளூஸைத் துடைத்ததும் தொண்ணூறுகளில் ஹிப்-ஹாப்பைத் தடுத்ததும் ஒரே கை என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லிங்கின் பார்க்கின் பல பாடல்கள் பியானோவில் அழகாக நிற்கும், அவற்றை மெட்டல் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். கார்னின் முதல் தட்டை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

பரம்பரை வாதம் இன்னும் தள்ளாடுவது மேற்குக்கு வெளியே. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு ஒரு சாட்சி. கதிரசன் பாடி பேஸ் கிதார் வாசிக்க, டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த இசையில் சமஸ்கிருத சுலோகங்களும் வேதாந்தக் கருத்துகளும் வரும். தங்கள் இசையை வேத மெட்டல் என்று அழைத்தார்கள். 2005இல் தொடங்கி மூன்று தட்டுகளுக்கு 'பிரம்மவித்யா' என்று தலைப்பு வைத்தார்கள். சமய எதிர்ப்பே பிளாக் மெட்டலின் உயிர் என்றால் இவர்கள் எங்கே நிற்பார்கள்? ஒலியைக் கேட்டால் கேள்வியே எழாது. பரம்பரையைக் கேட்டால் அவர்களுக்கு பர்மிங்காமும் டாம்பாவும் கேசட்டில் வந்த பாட்டனார்கள்தான், அத்தோடு வீட்டில் வேறு பாட்டனார்களும் இருந்தார்கள்.

சென்னைக்கும் இந்தச் சண்டையில் ஒரு சிறு பங்கு உண்டு. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழு சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தது. மிகேல் ஆக்கர்ஃபெல்ட் உறுமியும் மென்மையாகவும் மாறி மாறிப் பாடும் பத்து நிமிடப் பாடல்கள். இரண்டாண்டு கழித்து 'ஹெரிடேஜ்' தட்டில் உறுமலை முழுக்க நிறுத்திவிட்டார், எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக் பக்கம் திரும்பினார். ஓபெத் இன்னும் மெட்டலா என்று ஒரு தலைமுறை வாதாடியது. 2024இல் வந்த புதிய தட்டில் உறுமல் திரும்பியதும், வீடு திரும்பிய பிள்ளையைப் போல வரவேற்றார்கள். குரலை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்களுக்கு இது ஒரு பாடம். உறுமல் இல்லாத அயர்ன் மெய்டனை யாரும் சந்தேகிக்கவில்லையே?

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத்தின் விடைபெறும் கச்சேரி நடந்தது. மெட்டாலிகா, ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ், பான்டெரா, லாம்ப் ஆஃப் காட், கோஜிரா, மாஸ்டடான் மேடையேறினார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ், ஆலிஸ் இன் செயின்ஸ், டூல் ஆகியவையும் ஏறின. இந்தக் கடைசி மூன்றையும் மெட்டல் பட்டியலில் சேர்க்கலாமா என்று கறார் ரசிகர்கள் தலையைச் சொறிவார்கள். அழைத்தவர்கள் சாபத், அவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பதினேழு நாள் கழித்து ஜூலை 22 அன்று ஓஸி இறந்துபோனார்.

அதே ஆண்டு மே மாதம் முகமூடி அணிந்த லண்டன் குழுவான ஸ்லீப் டோக்கனின் 'ஈவன் இன் ஆர்கேடியா' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. இப்போதைய வரப்புத் தகராறு இவர்களைச் சுற்றித்தான். ஆர் அண்ட் பி குரல், டிராப் தாளம், பியானோ, திடீரென்று கீழ்ச் சுருதிக் கிதார்களின் இடிபாடு. மெட்டலே இல்லை என்கிறது ஒரு கட்சி, மெட்டலின் எதிர்காலம் என்கிறது இன்னொன்று. விற்பனையும் இளம்பெண் ரசிகர்களும் முதல் கட்சியின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன, சன்செட் ஸ்ட்ரிப் காலத்து அதே எண்ணெய். அந்தக் கோபத்தை ஒதுக்கிவிட்டு ரிஃபை உருவிப் பார்த்தேன். பெரும்பாலான பாடல்கள் குரலிலும் பியானோவிலும் நிற்கின்றன, கிதார் வரும் இடம் உச்சக்கட்டத்துக்கான அலங்காரம். 2023இல் வந்த 'த சம்மனிங்' மட்டும் முதல் பாதியில் நிற்கவில்லை, கிதாரோடு சேர்ந்து விழுந்துவிடுகிறது. அந்த முதல் பாதி மெட்டல். ஃபங்க் ஆட்டமாக மாறும் கடைசிப் பகுதி மெட்டல் இல்லை, ஆனால் அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.